நின்றதை அறியாத நிரல்

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கும்படி சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. "கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்ணுது" என்பதோடு அம்மா முடித்துக்கொள்வாள். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, அதாவது ப்ரோகிராமை, நடுவில் பிடித்து நிறுத்தி, அந்தக் கணத்தில் அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி ஓட விடுகிற கருவி ஒன்று உண்டு. டீபக்கர் என்பார்கள். அது சரியாக நிறுத்துகிறதா, சரியாக விடுகிறதா என்று பார்ப்பதற்குச் சின்னச் சின்னச் சோதனைகள் எழுதுவதும், சோதனை தோற்றால் ஏனென்று தேடி அலைவதும் என் பிழைப்பு.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அந்த நிற்கும் கணம்தான். நிறுத்திய நிரலுக்குள் இறங்கினால் ஓர் அமைதி இருக்கும். பாதி போட்ட கூட்டல் பாதியிலேயே இருக்கும். சொல்ல வந்த சொல் சொல்லப்படாமல் இருக்கும். அவசரமே இல்லை. பாகூர் ஏரிக்குப் பின்னால் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து, மதியத்தில் காற்று விழுந்து கரும்புத் தோகை ஆடாமல் நிற்கும்போது, திரைக்கு உள்ளே நிற்பது எது, வெளியே நிற்பது எது என்று எனக்கே சில சமயம் கலங்கிவிடும். அப்படி மயங்கிக் கிடந்ததற்குத்தான் சம்பளமும் வந்துகொண்டிருந்தது.

அம்மா நிற்க ஆரம்பித்தது போன ஆடியில், வீராம்பட்டினத்துத் தேர் பார்த்துவிட்டு வந்த பிறகு. அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு அறுந்துபோகும். கரண்டி கையில் இருக்கும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்து அதே வாக்கியத்தை முடிப்பாள். முதல் தடவை விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை குழம்பு தீய்ந்தது.

அரியூரில் மருத்துவரிடம் காட்டினோம். இதுவும் ஒருவகை வலிப்புதான், கை கால் இழுக்காது, ஆள் சற்று நேரம் இங்கே இருக்க மாட்டார் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். அதுவரை அடுப்பருகிலும் கிணற்றருகிலும் தனியாக விடக் கூடாது.

அம்மா இதை அவமானமாக எடுத்துக்கொண்டாள்.

"நான் எங்கடி நின்னன்? பேசிக்கினுதான இருந்தன்? நீதான் பொழுதன்னிக்கும் அந்தப் பொட்டியப் பாத்துப் பாத்துக் கனா கண்டுக்கினு கீற."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒருநாள் அவள் நின்றபோது போனில் படம் பிடித்து, அப்புறம் காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்தாள்.

"ஒன் போனு நின்னு போயிருக்குதுடி."

"பின்னாடி ஃபேன் சுத்துது பாரும்மா!"

"ஃபேன்னா சுத்தாம இன்னா பண்ணும்?"

மாத்திரைகளைச் செம்பருத்திச் செடியின் அடியில் கண்டெடுத்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும். அவள் மாத்திரை போட மாட்டாள், நான் கண்ணை எடுக்க முடியாது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்தது அதனால்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சோதனை வம்புக்கு வந்தது. லினக்ஸ் கணினிகளில் எப்போது ஓட்டினாலும் பச்சை, அதாவது தேறிவிடும். மேக்கிலும் இன்னும் ஒன்றிரண்டு சிஸ்டங்களிலும் எப்போது ஓட்டினாலும் சிவப்பு. என்னிடம் இருந்ததோ லினக்ஸ் மடிக்கணினி மட்டும். என் கையில் அது ஒருநாளும் தோற்றதில்லை. சென்னை அலுவலகத்து மேக்குக்கு அனுப்பினால் மட்டும் தோற்றுவிட்டுத் திரும்பி வரும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ரிலீஸுக்கு முன்னாடி அது க்ரீன் ஆகணுங்க. இல்லன்னா நீங்க இங்க வந்து அந்த மெஷின் முன்னாடி உக்காந்துதான் பாக்கணும். எவ்ளோ நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியல."

"மேக்ல மட்டும் அந்த டெஸ்ட்ட விட்டுடலாமா சார்?"

"மேக் வச்சிருக்கறவங்கதான் கம்ப்ளெயின்ட்டே பண்றாங்க."

அம்மாவிடம் சொன்னேன். "போயேன், எனக்கு இன்னா? மெட்ராஸ் இன்னா சீமையா?" என்றாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்கப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டேன். பயந்துபோயிருந்தேன்.

சோதனை என்னவோ எளிமையானது. ஒரு குட்டி நிரல் வேறெங்கிருந்தோ வரவேண்டிய ஓர் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். டீபக்கர் போய் அதை நிறுத்தும், எட்டிப் பார்க்கும், விடும். விட்டதும் நிரல் அடுத்த வரிக்கு நகர்ந்து ஒரு சொல்லை எழுத வேண்டும். எழுதினால் பச்சை. மேக்கில் எழுதவில்லை. எங்கள் குழுவில் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. எந்தச் சோதனை எங்கே தோற்றாலும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடுவது. மேக் மெதுவாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்பார்கள். எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் அப்படிக் கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் கூட்டினேன். அனுப்பிவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். ஏரிப் பக்கம் நாரைகள் இறங்கும். அறுத்த வயலில் தண்ணீர் வானத்தை வைத்துக்கொண்டு கிடக்கும். கீழே பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது எப்போதும் அங்கே இருக்கும். சத்தம் நின்றால் ஓடுவேன். சும்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். மேலே வந்தால் திரை சிவந்திருக்கும்.

எரிச்சலில் ஒருநாள் நேரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, மேக்கில் அந்த நிரல் விடுபட்ட பிறகு என்னதான் செய்கிறது என்று பார்க்க ஏற்பாடு செய்தேன். அது எதுவும் செய்யவில்லை. பழைய இடத்தில், பழைய வரியில், பழைய அனுமதிக்காகக் காத்திருந்தது. மறுபடி நிறுத்தினேன், விட்டேன். அதே இடம். நான் வந்துபோன சுவடே இல்லை. லினக்ஸில் பார்த்தால் கதையே வேறு. விட்ட மாத்திரத்தில் காத்திருப்பு முறிந்துவிடுகிறது, நடுவில் யாரோ குறுக்கிட்டார்கள் என்ற செய்தி நிரலின் கைக்கு வருகிறது, அந்த அதிர்ச்சியில் அது அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. லினக்ஸின் கையேட்டைப் புரட்டினேன். லினக்ஸில் சில காத்திருப்புகள் மட்டும் இப்படி முறியும், மற்ற சிஸ்டங்களில் அப்படி நடக்காது என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது.

நாங்கள் எல்லாரும் லினக்ஸிலேயே வளர்ந்தவர்கள். நிறுத்தினால் நின்றவனுக்குத் தெரியும் என்று நம்பி எழுதிவிட்டோம். மேக்கில் நின்றவனுக்குத் தெரியாது. அவன் கணக்கில் அவன் நிற்கவே இல்லை. காலத்துக்கும் பொறுத்திருந்தாலும் அவன் தானாக அடுத்த வரிக்கு வரப்போவதில்லை.

நாற்காலியில் சாய்ந்தேன். வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா என்னிடம் அடம்பிடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள், முடித்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஒன்றை ஒத்துக்கொள் என்று மாதக்கணக்காக அவளை நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோதனையைத் திருத்துவது பெரிய காரியமாக இல்லை. நிரலை விட்ட பிறகு, அது காத்திருக்கும் அனுமதியைச் சோதனையே கொடுத்துவிடும்படி இரண்டு மூன்று வரி. கூட்டிக் கூட்டி வைத்திருந்த நேரத்தையெல்லாம் வெட்டி எறிந்தேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் எல்லா சிஸ்டங்களிலும் பச்சை. மேனேஜர் கட்டை விரலைக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். சென்னைப் பயணம் ரத்து. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஏனோ அமைதியாகக் கீழே இறங்கிப் போனேன்.

அம்மா பின்கட்டில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்திருந்தாள். கடலோரத்து நல்லவாட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவந்த கானாங்கெளுத்தி மீன். என்னைப் பார்த்ததும், "இந்தத் தலயெல்லாம்..." என்று ஆரம்பித்தாள். மீன் இரண்டு கையிலும் இருந்தது. உட்கார்ந்தபடியே நின்றுபோனாள்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் "ம்மா! ம்மா!" என்று கத்துவேன். "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று யாரிடமோ நியாயம் கேட்பேன். அன்று கத்தவில்லை. மீனை அவள் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துச் சட்டியில் போட்டேன். அரிவாள்மணையை மடக்கி ஓரமாகத் தள்ளினேன். எதிரில் உட்கார்ந்து, ஈரமும் செதிலுமாக இருந்த அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் முகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. வேப்பமரத்து நிழல் மட்டும் அவள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. அழகாக இருந்தாள்.

"...பூனைக்குப் போட்டுரு" என்று முடித்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். கையில் மீன் இல்லை. மீன் இருந்த இடத்தில் என் கைகள் இருந்தன.

"நீ எப்படி இங்க வந்த? அங்கதான நின்னுக்கினு இருந்த?"

"நடந்துதான்மா வந்தன்."

"மீனு?"

"நான்தான் வாங்கி வச்சன்."

சட்டியைப் பார்த்தாள், மடங்கிக் கிடந்த அரிவாள்மணையைப் பார்த்தாள். அவள் விரல்கள் என் கைக்குள் இறுகின.

"நெறைய நேரமா?"

"கொஞ்ச நேரந்தான்."

"மொகம் கோணிக்கினு கிடந்துச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்த."

"எப்பவும் இப்பிடித்தான் வந்து புடிச்சிக்குவியா?"

"இல்ல. இன்னிக்குத்தான். மத்த நேரமெல்லாம் திட்டிக்கினு இருப்பன்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"அதுவும் எனக்குக் கேக்கலடி" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.