நீல வட்டத்துக்குள் எங்கள் தெரு

வாசல் பானை ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று, பிள்ளைகளே, நீங்கள் கேட்டபோது உங்கள் அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் சொல்கிறேன். தமிழ் உங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், தெரியும். மெதுவாகவே படியுங்கள்.

இந்தத் தன்லியின் ஊரில் நம் தெரு அடிபம்புத் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீரை மேட்டுத் தெருக் கிணற்றிலிருந்து கேன்களில் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் லான்மடாவ் பக்கம் நான் வேலை பார்க்கும் கடைக்கு பஸ் பிடிப்பேன். அதில் முதல் பங்கு வாசல் பானைக்கு. வெயிலில் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று வாசலில் பானை வைப்பது பர்மாவில் வழக்கம். உங்கள் அம்மா அதைத் தினமும் தேய்த்துக் கழுவுவாள்.

அப்போது குழாய்த் தண்ணீர் வரப்போவதாகப் பேச்சு. எல்லாத் தெருவுக்கும் கிடையாது, நிலத்தடியில் உப்பு உள்ள தெருக்களுக்கு மட்டும். இனிமேல் கேன் சுமக்க வேண்டாம் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கே உப்பு என்று பார்க்க ஒரு படித்த பர்மியப் பெண் வந்தாள். இடத்தைக் குறிக்க ஒரு கருவி, தண்ணீரில் முக்கினால் உப்பைக் காட்டும் ஒரு கம்பி. அங்கங்கே அளந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டால், அளக்காத இடங்களையும் அதுவே கணக்குப் போட்டு நிறம் பூசுமாம். உப்புக்குச் சிவப்பு, நல்ல தண்ணீருக்கு நீலம்.

அன்று அடிபம்பின் கைப்பிடி கழன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. அவள் நம் வாசலில் நின்று பானைத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். வெறும் தண்ணீர் கொடுப்பதா என்று அம்மா பனைவெல்லம் எடுக்க உள்ளே போயிருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் ஒரே பெருமை.

"என்னாங்க, அந்த சயாமா நம்ம பானையில கம்பிய முக்கிப் பாத்துட்டு, ரொம்ப நல்ல தண்ணின்னு சொல்லிச்சு!"

சயாமா என்றால் டீச்சரம்மா மாதிரி மரியாதை.

"அப்ப சர்டிபிகேட் வாங்கி மாட்டிரு" என்றேன். சிரித்தோம். பானை சுத்தமா என்று பார்த்தாளாக்கும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

சில மாதம் கழித்து வார்டு ஆபீஸில் நிறம் பூசிய அந்தப் படத்தை மாட்டினார்கள். சுற்றிலும் சிவப்பு. நடுவே வட்டமாக ஒரு நீலம். அதற்குள் நம் தெரு.

"அது கிணத்துத் தண்ணி, பானையில ஊத்தினது" என்று குமாஸ்தாவிடம் பர்மிய மொழியில் கெஞ்சினேன்.

"கம்ப்யூட்டர் போட்டது மாமா. பானையக் கேட்டா மாத்துவாங்க?" என்றான். ஆபீஸே சிரித்தது.

குழாய் தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. மூலைக்கடை பாய் நல்ல மனுஷர்தான். அவரே ஒருநாள், "புண்ணியம் ஒங்களுக்கு, உப்புத் தண்ணி எங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார். உங்கள் அம்மா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினாள்.

அடுத்த கோடையில் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். அன்று நான் வீட்டில் இருந்தேன். "ஆன்ட்டி, தாகமா இருக்கு" என்றாள். அம்மா பானைப் பக்கமே போகவில்லை. அடிபம்பை அடித்து டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

அவள் முகம் சுளித்தாள். வயதில் மூத்தவள் முன்னால் துப்ப முடியாமல் விழுங்கினாள்.

"இதுவா இந்தத் தெருத் தண்ணி?"

"இதான் சயாமா. போன தடவ நீங்க அளந்தது என் வீட்டுக்காரர் சைக்கிள்ல கொண்டாந்தது."

அவள் பானையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பம்படியில் குந்தி, கம்பியை முக்கி, திரும்ப அளந்தாள்.

"படத்துல சரி பண்ணிடறேன் ஆன்ட்டி."

"குழாய்?"

"குழாய் வேலை முடிஞ்சு போச்சே. அது என் கையில இல்ல."

அந்தப் பெண் தெருமுனை தாண்டியதும் அம்மா பானைத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது படத்தில் நம் தெரு சிவப்புதான், போய்ப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் என் சைக்கிளில்தான் வருகிறது. மத்தியான வெயிலில் யாராவது தாகத்தோடு வந்து பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் அம்மா வாசல் பக்கம் வருவதில்லை.