ஆக்னஸ் எழுதிய புரோகிராம்

1. பெட்டி வந்த நாள்

2000களின் நடுவில் புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். ஒரு நாள் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு மேசைமேல் ஒரு பெட்டியைத் தள்ளினார். உள்ளே மோட்டார், சென்சார், பிளாஸ்டிக் துண்டுகள்.

"சென்னையில பிள்ளைங்களுக்கு ரோபோ போட்டி வைக்கிறாங்க. உழவர்கரையில ஒரு ஸ்கூல் கப்பு வாங்கிட்டு வந்து வாசல்ல பேனர் கட்டியிருக்கான். நம்ம பேனர் எப்ப சார்?"

எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பேரை எடுத்தேன். அதில் ஒருத்தி ஆக்னஸ். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அப்பா மில்லில் ஃபிட்டர். ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2. நத்தை

ரோபோ கறுப்புக் கோட்டைப் பிடித்தபடி போய், ஒரு கட்டையை வட்டத்துக்குள் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். பிள்ளைகளின் ரோபோ முதலில் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு மேசையிலிருந்து விழுந்தது. அவர்கள் சிரித்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். ஆறு வாரம் கழித்து ஆக்னஸ் எழுதிய புரோகிராம் பத்துக்கு ஏழு தடவை சரியாக ஓடியது. மெதுவாகத்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கரஸ்பாண்டன்ட் லேபுக்கு வந்து பார்த்தார்.

"என்னா சார் இது, நத்த மாதிரி போவுது?"

அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் முழு புரோகிராமையும் நானே புதிதாக எழுதினேன். அதே பெயரில் சேவ் செய்தேன். வேறு பெயர் கொடுத்திருக்கலாம். அவள் எழுதியது இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

காலையில் ஆக்னஸ் கேட்டாள்: "சார், எங்களுது எங்க?"

"இது வேகமா போவும்மா. இதையே வச்சுக்கலாம்."

"எப்பிடித் திரும்புதுன்னே எங்களுக்குப் புரியலையே சார்."

"புரிய வேணாம். பட்டன அமுக்கினா போதும்."

இதைச் சொன்னவன் நான்தான்.

3. கதவுக்கு வெளியே

சென்னையில், மேசைமேல் ரோபோவை ஓட்டிக் காட்டும் சுற்றில் எங்கள் டீம் முதலில் வந்தது. அடுத்தது நேர்காணல். பிள்ளைகள் மட்டும் உள்ளே போக வேண்டும். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது.

"இந்த வளைவுல ரோபோ எப்படித் திரும்புது? யாராவது சொல்லுங்க" என்றார் நடுவர் அம்மா. பிறகு அவரே அடுத்த கேள்விக்குப் போனார்.

"புரோகிராம் யார் எழுதினது?"

"சார் எழுதுனாரு மேடம்" என்றது ஆக்னஸின் குரல். "நாங்களும் ஒண்ணு எழுதியிருந்தோம். அது இப்ப இல்ல."

புகாராகச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னாள். புரோகிராமைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது விதி; எங்கள் டீமைப் பரிசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா வெளியே வந்து என்னிடம், "பிள்ளைங்க எழுதினத கொண்டு வந்திருந்தா, மெதுவா போனாலும் மார்க் குடுத்திருப்போம் சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

4. திங்கட்கிழமை

கரஸ்பாண்டன்ட் ஆக்னஸைத் தன் அறைக்கு வரவழைத்தார். நானும் நின்றேன்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கப்பு வந்திருக்கும். ஸ்கூல் மானத்த வாங்கிட்ட. சார், இவ பேர டீம்லேந்து எடுத்துடுங்க."

'தப்பு என்னுது சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் சொல்லவில்லை. கையிலிருந்த டீம் நோட்டைப் பிரித்து, அவள் கண்முன்னே அவள் பெயரை அடித்தேன்.

"நான் பொய் சொல்லலியே சார்" என்றாள். அவரிடம் அல்ல, என்னிடம்.

அதன்பின் வகுப்பு நேரம் தவிர அவள் லேபுக்கு வரவில்லை. பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தாள். அதற்குக் காரணம் நான்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஓய்வு பெறும்வரை இன்னும் பல டீம்களைப் போட்டிக்கு அழைத்துப் போனேன். ஒரு பிள்ளையின் புரோகிராமிலும் கை வைக்கவில்லை. இன்று கோச்சாக இருக்கும் தம்பி தங்கைகளே, அதைப் பழகிக்கொள்வது சுலபம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். உண்மையைச் சொன்ன பிள்ளையை மேலிடம் திட்டும்போது, பக்கத்தில் நிற்கும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பு ஒரு தடவைதான் வந்தது.