இருபது பேர் ஏறும் போட்

தர்மபுரத்தில் மூக்கனைத் தெரியாதவர் இல்லை. பதினாலு வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. படித்தவர்கள்தான் என் வயலைப் பார்க்க வந்தார்கள்.

அப்படிப்பட்டவனின் மகள் ராஜினி, புருசனை இழந்தபின், இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்துவிட்டாள். நான் விடுவேனா? எங்கள் குளத்தைப் பார்க்க ஞாயிறுகளில் சனம் குவிகிறது. அவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு போட் வாங்கிக் கொடுத்தால் மகள் இங்கேயே பிழைப்பாள். உழவு மெசினை விற்றேன்.

முல்லைத்தீவில் போட் விற்கும் தவராசாவிடம் இரண்டு போட் நின்றன. ஒன்று எட்டுப் பேருக்கு, அடி தட்டையானது. மற்றது இருபது பேருக்கு, கூரை போட்டது, வயிறு ஆழமானது.

“சின்னனை எடுங்கோ அப்பா. கோடையிலை தண்ணி வத்தினாலும் ஓடும்,” என்றாள் ராஜினி.

“மூக்கன் மாட்டுத்தொட்டி வாங்கினான் எண்டு ஊர் சிரிக்கவோ?”

தவராசா சிரித்தான். “அண்ணைக்குப் பெரிசுதான் பொருந்தும்.”

சித்திரை வருசப்பிறப்புக்குப் பெரிய போட் நிரம்பி ஓடியது. ராஜினி பாஸ்போட்டை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

பிறகு கோடை நெல்லுக்கான சிறுபோகக் கூட்டம் வந்தது. குளத்துத் தண்ணீரை விடும் துருசுக் கதவை எவ்வளவு வயலுக்குத் திறப்பது என்று கமக்காரர் கை உயர்த்தி முடிவெடுக்கும் கூட்டம். எந்த வருசமும் முதல் கை என்னுடையது. பாதி வயலுக்குப் போதும் என்றிருந்தால் போட்டுக்குத் தண்ணீர் நின்றிருக்கும். ஆனால் தன் போட்டுக்காக ஊர் வயலைக் காயவிட்டான் என்று மூக்கனை எவனும் சொல்லக்கூடாது. “முழு வயலுக்கும் திறவுங்கோ!” என்று கையை உயர்த்தினேன்.

ஆடியில் தண்ணீர் வற்றி, போட் குளத்துக்குள் செத்து நின்ற பாலைமரக் கட்டையில் ஏறிச் சேற்றில் இருந்துவிட்டது. சின்னப் போட்டை வாங்கியிருந்த நிரோஜன், மிச்சத் தண்ணீரில் சனத்தோடு என்னைக் கடந்து போனான்.

கமக்காரர் தலைவர் ஜனார்த்தனனிடம் ஓடினேன். எவனிடமும் கைகட்டாதவன் கட்டினேன். “தம்பி, துருசை ஒரு கிழமைக்குப் பூட்டுங்கோ. ஆத்துத் தண்ணி கொஞ்சம் சேர்ந்தா போட் மிதக்கும்.”

“நெல்லு கதிர் வெளிய வராமல் குடலையிலை நிக்குது அண்ணை. இப்ப பூட்டினா உங்கட பயிரும் சாகும். முதல் கை உயர்த்தினது ஆர்?”

வீட்டில் ராஜினி அலுமாரியைத் திறந்து வைத்திருந்தாள்.

“மாரிக்கு மிதக்கும் பிள்ளை. பொறு.”

“அதுவரைக்கும் பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது அப்பா? ஏஜென்சிக்காரனுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

குளத்துக்குத் திரும்பினேன். இடுப்பளவு சேற்றில் இறங்கிப் போட்டுக்குத் தோளைக் கொடுத்தேன். பாலை மரத்தை வேரோடு சாய்த்த தோள். தள்ளினேன். இன்னும் தள்ளினேன்.

குளக்கட்டில் நின்று பேரப்பிள்ளைகள் கத்தினார்கள்: “தாத்தா, அசையுதோ?”

“ஓம், அசையுது!” என்றேன். “அம்மாவைப் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ!”