பிரேக் அக்கா

சாப்பிட உட்கார்ந்தாலும் பிரேக் அக்காவின் வலது கால் மேஜைக்கடியில் தரையை அமுக்கிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் டம்ளர் ஓரத்துக்கு நகர்ந்தால் கை நீளுமுன் கால் அமுக்கும். கணவர் பேச்சில் கொஞ்சம் வேகமெடுத்தாலும் அமுக்கும். "வீட்ல பிரேக் வைக்கலம்மா, காலைச் சும்மா வை" என்பார் அவர். அது சும்மா இருந்தால்தானே!

கார் ஓட்டச் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் கால் வைத்துப் பிழைத்தவள் அவள். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது, புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே அம்மாவைச் சிரிக்கவைத்த ஒரு நர்ஸைப் பார்த்தாள். போதாதா? கூடப் படிக்கும் பெண்களெல்லாம் ஆன்ட்டி என்று கூப்பிடும் வயதில் போய் நர்ஸிங் படித்தாள். வார்டில் கைராசிக்காரி என்று பேரும் வாங்கினாள். இப்போது அதையும் உதறிவிட்டுப் பழையபடி வண்டிக்கே வந்திருக்கிறாள். "நல்ல வேலையை விட்டுட்டு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வகுப்பெடுத்து ஓய்ந்துவிட்டார்கள்.

ஏன் விட்டாள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். கணவரிடம் முதுகுவலி. தங்கையிடம் ராத்திரி ஷிப்ட். தலைமை நர்ஸிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஊசியோடு போனால், "லைசென்ஸ் இருக்காம்மா?" என்று தினமும் கேட்பார். "அன்னிக்கு அவரு உயிரு போயிட்டிருக்கு. எல்லாரும் ஓடறோம். என் கால் மட்டும் கட்டிலுக்குக் கீழ தரையை அமுக்கிட்டே இருக்குக்கா. எதுவும் நிக்கல" என்றாள் தலைமை நர்ஸிடம்.

தலைமை நர்ஸ் அவளை ஒன்றும் திட்டவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்துக்கு ஆள் போடல. மனசு மாறினா வா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம். போகவா, இருக்கவா என்று அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பாள். யாரும் வராத வண்டியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஓட்டுகிறவர் முகம் கொஞ்சம் வெளிறினால் போதும், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கிளட்ச்சை மிதிங்க" என்பாள்.

இதற்கிடையில் பயிற்சிப் பள்ளி முதலாளி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவளிடம் பழகியவர்கள் டெஸ்ட்டில் இடது பக்கம் அழகாகத் திரும்புகிறார்கள். வலது பக்கம் என்றால் முழிக்கிறார்கள். விஷயம் இதுதான்: பள்ளியை ஒட்டிய நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரித் தெரு. ஒரு மாதமாக அவள் யாரையும் அந்தப் பக்கம் விடவே இல்லை.

"வலதுன்னு ஒரு பக்கம் இருக்கறதே உங்க ஆளுங்களுக்குத் தெரியலையேம்மா! இருக்கறதுன்னா மனசோட இருங்க. இல்லேன்னா அங்கயே போயிடுங்க" என்றார் முதலாளி. சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மாதத்தின் கடைசி நாளன்று பேக்கரிக்காரர் முறை. டெஸ்ட்டில் ஒருமுறை தோற்றவர், பாவம். "அக்கா, என் கடையே வலது பக்கம்தான். ரொட்டியை எப்படிக் கொண்டு போவேன்?"

"இடது பக்கமாவே ஊரைச் சுத்தி வாங்களேன்."

"ஆறிடும்க்கா."

சிரித்துவிட்டாள். நாற்சந்தி வந்தது. "வலது பக்கம் சிக்னல் போடுங்க" என்றாள்.

திரும்பிவிட்டார். திரும்பிய மகிழ்ச்சியில் கிளட்ச்சை மறந்துவிட்டார். வண்டி உதறிக்கொண்டு அணைந்து நின்ற இடம், எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி வாசல். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த தலைமை நர்ஸ் ஜன்னலில் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா! இன்னிக்குக் கடைசி நாளாச்சேன்னு நெனச்சேன். இறங்கு, உள்ள போலாம்."

மேல்மாடி ஜன்னலை அவள் அண்ணாந்து பார்த்தாள். எந்தத் திரை எந்தக் கட்டிலுடையது என்று அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. "ஜன்னலோரக் கட்டில்ல யாருக்கா?"

"ஒரு டீச்சரம்மா. நல்லாயிட்டாங்க. நாளைக்கு வீட்டுக்குப் போறாங்க."

அந்தக் கட்டிலிலிருந்து வீட்டுக்கும் போவார்கள் என்பது எப்படியோ அவளுக்கு மறந்துபோயிருந்தது. அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"கிளாஸ் நடக்குதுக்கா" என்றாள் மெதுவாக. "என் இடத்துக்கு ஆள் போட்டுடுங்க."

தலைமை நர்ஸ் வண்டியின் கூரையை இரண்டு தட்டு தட்டிவிட்டு விலகிக்கொண்டார்.

பேக்கரிக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். "அக்கா, பிரேக் உங்ககிட்ட இருக்கில்ல?"

"உங்ககிட்டயும் இருக்கு. ரோட்டைப் பாருங்க."

வண்டி நகர்ந்தது. பிரேக் அக்கா வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டாள்.