எடுத்தவன் கையெழுத்து

அந்தத் தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். ஜன்னலுக்கும் மேஜைக்கும் குளியலறைக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை. வெட்டுச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. இரண்டாம் தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். பிறகு கோட்டை மேஜை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து. பத்து வருடத்தில் தழும்பு விழாத விரல் கிடையாது. இடது மணிக்கட்டு மட்டும் கண்ணாடியால் கெட்டதில்லை. அதைப் புருஷன் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. வழக்கு மூன்றாவது வருடமாக நடக்கிறது. அவன் கடைப் பக்கம் வரக்கூடாதென்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது.

வீடியோ வந்தது ஒரு வியாழக்கிழமை. நாற்பது வினாடி. கடை மேஜைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். சிரிப்பு அவளுடையது. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் செய்தது. யார் செய்யச் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. மதியத்துக்குள் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது.

மறுநாள் காலை ஜன்னல் அளவோடு வந்த ஒருவன் துண்டுச் சீட்டை நீட்டிக்கொண்டே, நேரில் காட்ட மாட்டாயா என்று அவள் தோளைப் பிடித்தான். அவள் அந்தக் கையைப் பிடுங்கி, வெட்டி நிறுத்தியிருந்த கண்ணாடியின் விளிம்பில் வைத்து இழுத்தாள். உள்ளங்கையில் ஏழு தையல். ஒரு மணி நேரத்தில் அவனுடைய ஆட்கள் மூன்று பேர் வந்து கல் எறிந்தார்கள். வாசல் கண்ணாடி போனது. சாயங்காலம் பஸ் ஓட்டும் அண்ணன் வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த வேகத்தில் கன்னத்தில் அறைந்தான், கடையை இழுத்து மூடு என்றான். நர்சிங் படிக்கும் மகள் நடுவில் வந்து நின்றாள். அவன் அவளையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனான்.

அன்று இரவே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர், இது நீ இல்லை என்கிறாய், நீ இல்லையென்றால் உனக்கு என்ன புகார் என்று கேட்டார். அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். அவர் கைகளைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். இணையப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு அனுப்பினாள். ஒரு எண் வந்தது. இருபத்தொரு வேலை நாள் பொறுத்திருக்கச் சொன்னார்கள்.

மணிக்கட்டு வழக்கை நடத்தும் வக்கீலம்மாதான் வேறு வழி சொன்னாள். ஒரு பொம்பளையின் மானம் போனால் வீடியோ கம்பெனி நிதானமாகத்தான் அசையும், காப்புரிமை என்றால் இரண்டே நாளில் தூக்கிவிடும். இந்த வீடியோ ஒரே ஒரு போட்டோவிலிருந்து செய்தது. அந்தப் போட்டோவுக்கு உரிமைக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"போடறேன். என் முகம்தானே."

"முகம் உங்களோடது. படம் எடுத்தவங்களோடது. யார் எடுத்தது?"

கடை திறந்த அன்று எடுத்த படம்.

"நம்ம கேஸ்ல எதிராளிதான் மேடம்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். நீங்கள் போகக் கூடாது, நான் கடிதம் அனுப்புகிறேன் என்றாள். பதில் வர எவ்வளவு நாளாகும் என்று அவள் கேட்டாள். பதில் வருமா என்பதே சந்தேகம் என்றாள் வக்கீலம்மா.

சனிக்கிழமை காலை காப்புரிமைப் படிவத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரியே புருஷனிடம் போனாள். டயர் கிடங்கில் சுமை தூக்குகிறவன், மாடியில் ஒற்றை அறை. நீ செய்ததா என்று முதலில் கேட்டாள். இல்லை என்றான். நம்பினாள். போனில் ஒரு நம்பரைச் சேர்க்கவே அடுத்தவனைக் கூப்பிடுகிறவன் அவன்.

படிவத்தை விரல் வைத்துப் படித்தான். ஓரிடத்தில் நின்றான்.

"படைப்பின் உரிமையாளர். நான்தான். கேட்டுக்கிட்டியா?"

"கேட்டாச்சு. கையெழுத்தப் போடு."

மணிக்கட்டு வழக்கை வாபஸ் வாங்கு, போடுகிறேன் என்றான். முடியாது என்றாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான். அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். இரண்டாவது மோதலில் உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு அவன் இழுத்தபோது அவள் கைக்கு அவன் கை அகப்பட்டது. அது வலது கை. விட்டுவிட்டாள், கையெழுத்துக்கு வேண்டும். இடது கையைப் பிடித்து, சுண்டுவிரலை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்து ஒரு அழுத்து. கண்ணாடியைவிட மந்தமான சத்தம். அவன் வாய் திறந்தபடி தரையில் உட்கார்ந்தான். அடுத்த விரலை அவள் விளிம்பில் வைத்தாள். அவன் பேனாவைத் தேடினான்.

வீட்டில் மகள் லேப்டாப்பில் படிவத்தை ஏற்றினாள். கடைசி வரி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திட்டது என்று உறுதி கேட்டது. மகள் அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ போய்விட்டது.

புதன்கிழமை அவன் கடை வாசலில் நின்றான். விரலில் கட்டு, மறு கையில் டயர் கழற்றும் இரும்பு. யாரோ விவரம் தெரிந்தவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். விரலை உடைத்து வாங்கிய கையெழுத்து என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதினால் வீடியோ திரும்ப வந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை வாய்தா. அதற்குள் வழக்கை எடுத்துவிட்டால் எழுத மாட்டான்.

கண்ணாடிக்காரி கையுறையைக் கழற்றினாள். பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்குக் கல்லூரியில் போன்களுக்கு நடுவே உட்கார வேண்டியவள் அவள்.

"எழுதட்டும்மா," என்றாள் மகள். "வீடியோல இருக்கிறவளுக்கு மணிக்கட்டு நேரா இருக்கு. எங்கம்மாவுக்குக் கோணக் கை. அதைக் கோணலாக்குனது யாருன்னு கோர்ட்டுல சொல்லணும்ல."

"வாபஸ் இல்ல," என்றாள் கண்ணாடிக்காரி.

அவன் வாசலிலிருந்தே ஆரம்பித்தான். சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளை வரிசையாக அடித்துக்கொண்டே உள்ளே வந்தான். மகளைப் பார்த்து இரும்பை ஓங்கினான். அவள் மகளை மேஜைக்கு அடியில் தள்ளி, தன் தோளில் அடியை வாங்கினாள். அவன் அடுத்து ஓங்கியபோது இரும்பு பின்னால் நின்ற ஆளுயரக் கண்ணாடியில் மாட்டியது. அது மொத்தமாக அவன்மேல் சரிந்தது. கெண்டைக்காலில் எலும்பு தெரிந்தது. அவள் ஒரு துணியைச் சுருட்டி அங்கே வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, மகளைப் போன் பண்ணச் சொன்னாள்.

உத்தரவை மீறி வந்ததற்கும் அடித்ததற்கும் அவன்மேல் புதிய வழக்கு. அவன் விரலை யார் உடைத்தது என்று காவல் நிலைய எழுத்தர் கேட்டார். கூட வந்திருந்த வக்கீலம்மா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

"நான்தான். எழுதிக்கோங்க."

அதற்கும் ஒரு வழக்கு. வெளியே வந்ததும், உங்களுக்காக வாதாடுவதைவிட உங்கள் வாயை அடைப்பதுதான் பெரிய வேலை என்றாள் வக்கீலம்மா. வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரி ஒரே நீதிமன்றத்தில் காலையில் புகார் கொடுத்தவளாகவும் மத்தியானம் குற்றம் சாட்டப்பட்டவளாகவும் நின்றாள். மணிக்கட்டு வழக்கில் சாட்சி சொல்ல ஏறியபோது, கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள்.

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஆள் வைத்துக் கம்பெனிக்கு அந்த வரியை எழுதினான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வீடியோ திரும்ப வந்தது. பாதுகாப்பு அலுவலகத்து மனுவுக்கு இன்னும் பதின்மூன்று வேலை நாள் இருந்தது.

பத்தரைக்கு ஒருவர் குளியலறைக் கண்ணாடிக்கு அளவு கொண்டுவந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவள் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டு அகலம் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னார். உயரம் கேட்டாள்.