ஜன்னலோர ஒற்றை இருக்கை

லிஃப்ட்காரர் சொகுசுப் பெட்டியில் போக ஆரம்பித்தது சொகுசுக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவரோடு வேலை பார்ப்பவர்கள், “பெரிய மனுஷன் ஆயிட்டாருப்பா” என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. வேலைக்காக அவர் அடிக்கடி போய்வரும் பகல் ரயிலில் சாதா பெட்டி, சொகுசுப் பெட்டி என்று இரண்டு உண்டு. மகன் இருந்தவரை அவர் சாதாவைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. யாராவது சொகுசைப் பற்றிப் பேச்செடுத்தால், “ரெண்டையும் ஒரே இன்ஜின்தானே இழுக்குது, அவங்கள மட்டும் முன்னாடியே கொண்டுபோய் எறக்கிடுவானா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

மகன் போன பிறகுதான் சாதா பெட்டி அவருக்கு ஆகாமல் போனது. அங்கே இந்தப் பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் மூன்று பேர், முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவர் பேச்சுக் கொடுப்பார். எங்க போறீங்க? பேத்தியப் பாக்கவா? மகன் என்ன பண்றாரு? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவன் திரும்பி வரவில்லை. அதை முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? ஒருமுறை “வெளிநாட்டுல இருக்கான்” என்று சொல்லிவைத்தார். எந்த நாடு, எப்போது வருவார் என்று அந்த ஆள் விடாமல் துருவ, இறங்கும்வரை திருதிருவென முழித்தார். அடுத்த தடவையிலிருந்து சொகுசு டிக்கெட். அங்கே ஒரு பக்கம் இரண்டிரண்டாக இருக்கைகள், மறுபக்கம் ஜன்னலோரமாக ஒற்றை இருக்கை. உயரமான முதுகு, திறக்க முடியாத கண்ணாடி. ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூண்டின் கூரைமேல் நிற்பார், இன்னொருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். “நகர்த்தவா?” என்று அறையிலிருந்து குரல் வரும். கூரைமேல் நிற்பவர் “நகர்த்து” என்று திருப்பிச் சொல்லாமல் கூண்டு இம்மியும் நகரக் கூடாது. அப்பனும் மகனும் வருடக்கணக்கில் இப்படித்தான் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து வேலை பார்த்தார்கள். இப்போது மோட்டார் அறையில் வேறு ஆள். லிஃப்ட்காரர் வேலையிடத்தில் “நகர்த்து” என்பார். வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. மனைவியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த வீட்டில் பேசு என்று சொல்லவும் ஆளில்லை. மகனுக்காக அவர் அழவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், “கல்லு மாதிரி இருக்காரே” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்கள். கல்லுமில்லை, ஒன்றுமில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வெளியூரில் வேலை பார்க்கும் மருமகள் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, “நல்லதும்மா” என்றார். கல்யாண வேலை முடியும்வரை குழந்தையை அவரிடம் விட்டுவைத்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் குட்டி ஒரு வாரம் டி.வி. பார்த்தாள், அவர் குட்டி டி.வி. பார்ப்பதைப் பார்த்தார். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார், தலை பின்னிவிடத் தெரியாமல் ரப்பர்பேண்ட் போட்டுவிட்டார். பேச்சு மட்டும் இல்லை.

குட்டியை அம்மாவிடம் கொண்டுபோய் விடக் கிளம்புவதற்கு முந்தின நாள் மருமகள் போன் செய்தாள். “மாமா, அடுத்த மாசம் நாங்க வெளிநாட்டுக்குப் போறோம். பெரிய லீவுக்கெல்லாம் குட்டிய உங்ககிட்ட அனுப்பணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அவகிட்ட கேப்பேன். வரேன்னு சொன்னா அனுப்புறேன். மாட்டேன்னா கட்டாயப்படுத்த மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க.”

“சரிம்மா” என்றார். தப்பாக நினைப்பதற்கும் ஏதாவது நினைக்க வேண்டுமே.

அன்று சாயங்காலம் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனார். அங்கே இருக்கும் பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

“சிங்கிளா சார், எப்பவும்போல?”

“ரெண்டு. ஒண்ணு கொழந்தைக்கு.”

“அப்போ அந்தப் பக்கம் ஜோடி சீட்டு போடவா?”

“இல்ல, சிங்கிளே குடுங்க.”

அந்தப் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முன்னும் பின்னுமாக இரண்டு ஒற்றை இருக்கைகளைப் போட்டுக் கொடுத்தாள். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றாத தாத்தா ஒருவர் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இதோ இவர்தான்.

காலையில் ஏறினார்கள். குட்டி பின் இருக்கை, அவர் முன் இருக்கை. வண்டி கிளம்பியதும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். பெட்டியில் தேநீர் கொடுக்கும் ஊழியர்.

“சார், பின்னாடி இருக்கிறது உங்க பேத்தியா? வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கு.”

எழுந்து பார்த்தார். கவுனெல்லாம் நனைந்து குட்டி கையை மடியிலிருந்து தள்ளிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது. 

“கூப்பிடக்கூடாதாம்மா?”

“ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீங்க திரும்பல.”

பதில் குரல் கொடுக்காமல் ஒரு கூண்டையும் அசையவிடாத மனுஷனுக்கு, குழந்தை கூப்பிட்டது காதில் விழவில்லை.

கழுவித் துடைத்து வேறு கவுன் மாட்டிவிட்டார். “கண்ணாடி மூடியே இருக்குல்ல, சில கொழந்தைங்களுக்கு ஒத்துக்காது. சாதா பெட்டியில காத்து வரும், எடமும் இருக்கு. கூட்டிட்டுப் போங்க” என்றார் ஊழியர். நான்கு பெட்டி தாண்டி நடந்து, ஜன்னல் திறந்திருந்த ஓர் இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். காற்று முகத்தில் அடித்ததும் குட்டிக்கு நிறம் திரும்பியது. எதிரே இருந்த அம்மா ஒரு ஆரஞ்சை உரித்து நீட்டினார். அந்த அம்மாவும் சும்மா இருக்கவில்லை.

“அம்மாகிட்ட போறியா? அப்பா எங்கடா?”

லிஃப்ட்காரர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்பா செத்துட்டாரு” என்றாள் குட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, “தாத்தாகிட்ட அதக் கேக்காதீங்க” என்றாள்.

அந்த அம்மா ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக் காகிதத்தில் மடிக்க ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் திரும்பவில்லை. ஒரு பாலம் வந்தது, போனது. குழந்தை தன்னைக் காபந்து பண்ணுகிறது என்பது புரிந்தது, புரிந்ததோடு சரி.

பிளாட்பாரத்தில் மருமகள் காத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டாள், நலம் விசாரித்தாள், பிறகு குனிந்து மகளிடம் கேட்டாள்.

“குட்டி, பெரிய லீவு வந்தா தாத்தா வீட்டுக்கு வர்றியா?”

குட்டி அவரை ஒருமுறை பார்த்தாள். மரியாதை தெரிந்த குழந்தை.

“வேணாம்மா.”

“ஏன்டா? தாத்தா திட்டினாரா?”

“இல்ல. அங்க அப்பாவப் பத்திப் பேசவே முடியாது. எனக்கு அப்பா கொரல் மறந்துகிட்டே வருதும்மா.”

மருமகள் சங்கடத்தோடு நிமிர்ந்து, “சின்னப் பொண்ணு மாமா, ஏதோ சொல்றா. விடுங்க. நாங்க கெளம்புறோம்” என்றாள். குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் தொடங்கினாள்.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியாமல் உடம்பு முழுக்க வலித்தது. மகனைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்த அன்று வலித்திருக்க வேண்டிய வலி.

“உங்கப்பனும் உன்ன மாதிரிதான்” என்றார். குரல் உடைந்து கரகரவென்று வந்தது. இரண்டு பேரும் நின்று திரும்பினார்கள். “ட்ரெயின்ல ஏறுனா போதும், வாந்தி. ஒரு தடவ என் சட்டைப் பையிலயே எடுத்துட்டான். நான் அவன… அவன் என்ன பண்ணான் தெரியுமா, அந்தப் பையப் பொத்திப் புடிச்சிக்கிட்டு, ‘யாருகிட்டயும் சொல்லாதப்பா’ன்னு…”

மேலே சொல்ல முடியவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார். மருமகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

குட்டி அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு வந்து பெஞ்சில் ஏறி, அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.