கோடாக இருந்த மரம்

எங்கள் வீட்டில் வாய் எனக்கு, பொறுமை அண்ணிக்கு, பயம் அண்ணனுக்கு. மூன்று பேருக்கும் ஒரே கடையில்தான் வேலை. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பெயர்ப்பலகை செய்கிற இடம். அண்ணி கம்ப்யூட்டரில் வரைவார். பின்னறையில் அண்ணன் அதை மெஷினில் ஓட்டி, அக்ரிலிக் தகட்டில் வெட்டி எடுப்பான். வாசல் பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயாடுவது என் உத்தியோகம்.

அண்ணி வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது. திரையில் ஒரு கோட்டை விரல் தடிமனுக்குப் போட்டாலும் மெஷினுக்கு அது வெறும் கோடுதான். நடுவில் ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றுவிடும். அந்தத் தடிமன் தகட்டில் வரவேண்டுமென்றால் கோட்டை வடிவமாக மாற்ற வேண்டும். மாற்றினால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓரம் வந்துவிடும், மெஷின் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டும். ஆனால் அதற்குப் பிறகு அது கோடு இல்லை. முன்போல ஒரே தட்டில் தடியாக்கவோ மெலிதாக்கவோ முடியாது. அதனால் அண்ணி எப்போதும் முதலில் கோடுகளை நகலெடுத்து, பூட்டி, மறைத்து வைப்பார். அப்புறம்தான் மாற்றுவார். "காப்பி வைக்காம கோட்டைத் தொடாதே" என்று அவரிடம் பாட்டு வாங்காத ஆள் கடையில் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மாற்றாமலே அனுப்பிவிட்டார். ஒரு பல் டாக்டரின் பலகை. பெரிய தகட்டில் பல்லுக்குப் பதில் பூனை பிறாண்டிய மாதிரி ஒரு கீறல். "மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் அண்ணி. விளையாடுகிறார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே மாதிரி ஆனது. பிறகு ஒரு சாயங்காலம், எத்தனையோ வருஷமாக ஏறுகிற பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற வியாதி என்றார் டாக்டர். அண்ணிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், வர நேரமானதற்காக ஆஸ்பத்திரி லிஃப்டைத் திட்டித் தீர்த்தேன். அண்ணி கத்தவில்லை, அழவில்லை. அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்க, நான் தப்புப் பண்ணா உடனே சொல்லிடுங்க. எவ்வளவு போயிருக்கு, எவ்வளவு மிச்சம்னு எனக்குத் தெரியணும். முடியலன்னு தெரிஞ்சா நானே வேலையை விட்டு எழுந்து போயிடுவேன்."

அண்ணன் பெரிதாகத் தலையாட்டினான். ஆனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அண்ணி அத்தோடு முடிந்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது போல ஒதுங்கி நிற்கிறவன், திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டான். அண்ணி அனுப்பும் ஃபைலை ஓட்டுவதற்கு முன் திறப்பான். பூட்டியது, மறைத்தது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, மொத்தமாகப் பிடித்து வடிவமாக மாற்றி, அதே பெயரில் சேமித்துவிடுவான். ஒரு கோடுகூட விட்டுப்போய்விடக் கூடாதாம். நான் பார்த்தேன். வாய் கிழியப் பேசுகிற நான் அதில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் ஒரு தகடும் வீணாகவில்லை. "பார்த்தியா, மருந்து வேலை செய்யுது" என்று அண்ணி என்னிடம் சொன்ன அன்று, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு அண்ணி அவர்களுக்கு ஒரு மரம் வரைந்து கொடுத்திருந்தார். கோட்டிலேயே கிளை, கோட்டிலேயே இலை. அவரே ஆசைப்பட்டுச் செய்தது. பள்ளி வாசல் கேட்டில் மாட்ட அதையே பெரிதாக, கிளைகளைக் கொஞ்சம் தடியாக வைத்துக் கேட்டார்கள். "அஞ்சு நிமிஷ வேலை" என்று ஃபைலைத் திறந்தார் அண்ணி.

கோடு இல்லை. நகலிலும் இல்லை. அடுத்த ஃபைலைத் திறந்தார், அதற்கடுத்ததைத் திறந்தார். எங்கேயும் ஒரு கோடு மிச்சமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் நானே அழிச்சிருக்கேன். காப்பியைக்கூட விடல. ஒண்ணுமே ஞாபகம் இல்லடி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முதலாளி அறைக்குள் போய், "நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டார். முதலாளி திருதிருவென்று முழித்தார். நான் பின்னறைக்கு ஓடினேன்.

"நீ பண்ணின கூத்துக்கு அவங்க எழுந்து போறாங்க. போய்ச் சொல்லுண்ணா!"

அண்ணன் மெஷின் தூசியோடு வந்து முதலாளி அறை வாசலில் நின்றான். "நீ இல்ல. நான்தான் மாத்தினேன். எல்லாத்தையும்."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி முகத்தில் ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே போய்விட்டது.

"நான் மறந்துட்டேன்னுதானே மாத்துனீங்க?"

"வீணாகிடக் கூடாதுன்னு."

"எத்தனை ஃபைல்ல மறந்திருந்தேன்?"

அவன் சட்டையிலிருந்த தூசியைத் தட்டினான்.

"சொல்லுங்க. எத்தனை?"

"பார்க்கல. திறந்ததும் மொத்தமா மாத்திடுவேன். நீ மாத்தியிருந்தியா இல்லையான்னு பார்க்க... எனக்குத் தைரியம் இல்ல."

எங்கள் அண்ணி கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் ஒரு தடவைகூட மறக்காம இருந்திருக்கலாம்! இல்ல எல்லாத்தையும் மறந்திருக்கலாம். இனிமே யாரைப் போய்க் கேப்பேன்?" எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே வந்தது.

முதலாளி மெதுவாக, "அந்த மரத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழைய வடிவத்தை அடியில் வைத்து, அதன் நடுவோடு முதலிலிருந்து கோடு இழுத்தார். அண்ணனைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நான் விட்டா வாயால சொல்லணும். கையால செய்யக்கூடாது."

"சொல்றேன்."

கிளை கிளையாக மரம் வந்தது. அதே வளைவு, அதே சாய்வு. பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசி இலையைப் போட்டார். நகலெடுத்தார், பூட்டினார், மறைத்தார். சேமித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"முடிஞ்சுது. ஓட்டுங்க."

அண்ணன் திரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கோடுகள் கோடுகளாகவே இருந்தன. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மவுஸ் பக்கம் போன கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். "அண்ணி, கோட்டை மாத்தல."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, எல்லாக் கோடுகளையும் பிடித்து மாற்றினார்.

"சரி, இது ஒண்ணு" என்று என்னிடம் சொன்னார். "இனிமே எண்ணிக்கிட்டே வா."